நாலரை மாப்பிள்ளை

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் கல்யாணம் மாசி மாதத்திலேயே நடந்திருக்கும். அது ஐப்பசி வரை இழுத்துக்கொண்டு போனதற்குப் பெண் வீட்டாரும் காரணம் அல்ல, என் வீட்டாரும் காரணம் அல்ல. ஆகாயத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கல்லும், அதைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த நாலு விஷயமும்தான் காரணம். அதில் கல்லின் மேல் குற்றம் இல்லை. அது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வியாதி இருந்தது. படித்ததை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும். (இப்போதும் அந்த வியாதி இருக்கிறது. எல்லாருக்கும் இருப்பதால் வியாதி என்று தெரிவதில்லை.) எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ணிப் பெயர் பதிய வேண்டும். பிறகு ஆபீசில் உட்கார்ந்து துரைக்கு வேண்டிய கடிதங்களை எழுத வேண்டும். ஒரு மூக்குக் கண்ணாடியும் வாங்கி வைத்திருந்தேன். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். நான் படித்தவன் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காகக் கண்ணாடி.

எங்கள் துரைக்கு லண்டனிலிருந்து வான சாஸ்திரப் பத்திரிகை ஒன்று கப்பலில் வரும். பங்களாத் தோட்டத்தில் ஒரு தொலைநோக்கியும் வைத்திருந்தார். (ஊவா மலையில் மூடுபனி இல்லாத இரவு வருடத்துக்கு எத்தனை என்று அதை வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.) படித்து முடித்த பத்திரிகைகளை ஆபீஸ் மேசையில் போட்டுவிடுவார். நான் அவற்றைத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் என் அறைக்கு எடுத்துப்போய், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக மேய்வேன்.

அப்படி ஒரு தை மாதத்தில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு வானாய்வுக் கூடத்தில் ஒருவர் புதிய சிறு கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, புகைப்படம் பிடித்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஆகாயத்தை மணிக்கணக்காகப் புகைப்படத் தட்டில் பிடித்தால் நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாக விழுமாம். அவற்றுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருப்பது மட்டும் சின்னக் கோடாக விழுமாம். அந்தக் கோடுதான் கிரகம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இந்த மாதிரிச் சில்லறைக் கிரகங்கள் நூற்றுக்கணக்கில் சூரியனைச் சுற்றுகின்றன என்றும் எழுதியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று பெரட்டில் இரண்டு பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். கங்காணியிடம் சொன்னேன். "அதுனால கொழுந்து கூடுமாங்க?" என்று கேட்டார். கூடாது என்றேன். அவர் போய்விட்டார். செய்தி வயிற்றுக்குள்ளேயே கிடந்து ஊறியது. சரியாக அந்த வாரம்தான் என் நிச்சயதார்த்தம்.

என் அப்பா லுணுகலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெண்ணின் அப்பா அருணாசலம், பதுளைக் கடைத்தெருவில் ஜவுளிக் கடைக்காரர். இரண்டு குடும்பமும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவை. ஜாதகம் பார்த்தாகிவிட்டது. பார்த்தவர் அதே கடைத்தெருவில் மூக்குப்பொடிக் கடை வைத்திருந்த ஜோசியர். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருந்தது. ஆனால் குரு பகவான் செவ்வாயை நேராகப் பார்ப்பதால் தோஷம் அடிபட்டுப் போய்விட்டது என்று ஜோசியர் எழுதியே கொடுத்திருந்தார். அந்த ஒரு பார்வையில்தான் என் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நிச்சயத்தன்று அருணாசலம் மாமாவின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. பெண் தெய்வானை பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எல்லாருக்கும் கும்பிட்டாள், என் பக்கம் அரை நொடி பார்த்தாள். என் கண்ணாடியைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலம் முழுக்கப் பெரட்டில் ஆள் எண்ணிக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வண்டி மாடு, மழை, ஊரிலிருந்து வந்த கடிதம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பு ஒன்று அசைந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! நான் சும்மா உட்கார்ந்திருந்தால் என்னை ஊமை என்றல்லவா நினைப்பாள்? ஜோசியர் தாம்பூலம் மாற்ற நல்ல நேரம் பார்ப்பதற்காகப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

"ஜோசியரே, புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்காங்க, தெரியுமா?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'கல்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. புதுசாக ஒரு கல் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? பதுளையில் இல்லாத கல்லா? நான் அகராதியில் பார்த்து, அழகாக, அழுத்தமாக, 'கிரகம்' என்று சொன்னேன்.

"என்ன கிரகம் தம்பி?" ஜோசியர் பொடி டப்பாவைத் திறந்தபடியே கேட்டார்.

"சின்னக் கிரகந்தாங்க. சீமையில போட்டோ புடிச்சுக் கண்டுபிடிச்சாங்க."

"எங்க இருக்கு?"

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல" என்றேன் பெருமையாக.

ஜோசியரின் கை மூக்குக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. "வியாழன்னா குருதானே?"

"ஆமாங்க, குருதான்."

"அப்ப குருவுக்கும் செவ்வாய்க்கும் குறுக்கால நிக்குது."

என் அப்பா என் தொடையைக் கிள்ளினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு மகன் பேசுவதில் பெருமை இருக்காதா?

"நிக்கல்லீங்க, சுத்துது" என்று திருத்தினேன். "அது மட்டும் இல்ல. அந்த எடத்துல அந்த மாதிரி நூத்துக்கணக்குல சுத்துது."

"நூத்துக்கணக்கிலயா!" என்றார் அருணாசலம் மாமா. பாயை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "அம்புட்டும் நடுவுலயா?"

"அம்புட்டும் நடுவுலதாங்க மாமா."

"இந்தப் புதுசுக்குப் பேரு என்ன?" ஜோசியரின் குரல் இறங்கியிருந்தது.

இதுவும் எனக்குத் தெரியும்! உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. "இன்னும் பேரு வைக்கல்லீங்க. இப்போதைக்கு இங்கிலீசு எழுத்து ரெண்டு போட்டு வச்சிருக்காங்க. அது சுத்துற பாதைய கணக்குப் போட்டு முடிச்சப்புறம் நம்பர் குடுப்பாங்க. அதுக்கப்புறம் கண்டுபிடிச்சவரு பேரு வைப்பாரு. பெரும்பாலும் பொம்பளைங்க பேருதான் வைக்கிறது."

"பொம்பளைங்க பேரா?"

"ஆமாங்க. சம்சாரம் பேரு, மக பேரு, இல்லாட்டி பழைய காலத்துத் தேவதைங்க பேரு."

அறைக்குள்ளிருந்து பெண்ணின் அத்தை, "செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவுல ஒரு பொம்பளையா? கருமமே!" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார். "பேரு தெரியாம அர்ச்சனை பண்ண முடியாது. சாந்தி பண்ண முடியாது. தம்பி, அது ஒரு சுத்து சுத்தி வர எத்தனை காலம் ஆகும்?"

பத்திரிகையில் போட்டிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். "நாலரை வருசம்ங்க."

ஏழரைச் சனி என்றால் என்ன என்று தெரியாத தமிழன் கிடையாது. அந்தக் கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் 'ஏழரை'யையும் 'நாலரை'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் கண்ணாடி வழியாக நன்றாகவே பார்த்தேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசியது போதுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

அருணாசலம் மாமா தாம்பூலத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க" என்று என் அப்பாவிடம் சொன்னார். "ஒத்தப் பொண்ணு. மாப்பிள்ளையே வாயால சொல்லிட்டாரு. ஒரு சுத்து முடியட்டும். அப்புறம் பாப்போம்."

லுணுகலைக்கு மாட்டு வண்டியில் ஒரு பகல் முழுக்கப் பயணம். பசறை தாண்டியதும் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு, "கெரகம்! கெரகம்!" என்று மட்டும் சொன்னார். எந்தக் கிரகம் என்று விளக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வீடு வந்து சேரும்போது என் கண்ணாடி அப்பாவின் பைக்குள் இருந்தது. அதை அவர் எப்போது கழற்றினார் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பெரிய திட்டம் ஒன்று போட்டேன். ஜோசியருக்கு வேண்டியது பெயர்தானே? பெயர் கிடைத்துவிட்டால் அர்ச்சனை, சாந்தி எல்லாம் நடந்துவிடும். லண்டன் பத்திரிகைக்கே எழுதிக் கேட்டுவிட்டால் என்ன? இங்கிலீஷில் நான் எழுதிய கடிதங்களிலேயே சிறந்தது அதுதான். 'தாங்கள் வெளியிட்ட சிறு கிரகத்துக்கு எப்போது பெயர் சூட்டுவார்கள் என்று அன்புகூர்ந்து தெரிவிக்கவும். என்னுடைய விவாகம் அதை எதிர்பார்த்து நிற்கிறது.' ஒரு கிரகத்துக்குச் சீக்கிரம் பெயர் வையுங்கள் என்று உலகத்தில் வேறு யாரும் இவ்வளவு பணிவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். துரையிடம் காட்டி முகவரி வாங்கினேன். அவர் இரண்டு தடவை படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் போய்க் கப்பல் வர வேண்டும். மாசி போனது, பங்குனி போனது. இதற்கிடையில் அப்புத்தளையில் கடை வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து தெய்வானைக்கு வேறு ஜாதகம் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. அந்த மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாதாம். அருணாசலம் மாமா அதையே ஒரு யோக்கியதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிப்பை அடக்கிய அந்த முகம் பெரட்டில் நிற்கும்போதும் வந்தது, கொழுந்து நிறுக்கும்போதும் வந்தது. அரை நொடி பார்த்த முகம் எப்படி இவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்கே புரியவில்லை.

சித்திரை கடைசியில் பதில் வந்தது. அங்கேயே பிரித்தேன். அந்தச் சிறு கிரகம் மூன்று இரவுகள் மட்டுமே தென்பட்டது. பிறகு மேகமூட்டம், நிலவு வெளிச்சம். அதன்பின் தேடியும் அகப்படவில்லை. போதுமான தடவை பார்க்காததால் பாதைக் கணக்கும் உறுதியானதல்ல. காணாமல் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும். அகலத்தில் இருபது மைல் இருந்தாலே அதிகம். கடைசி வரியில், 'தங்கள் விவாகத்துக்கு எங்கள் வாழ்த்துகள்' என்று இருந்தது.

நான் துள்ளிக் குதித்தேன். காணாமல் போய்விட்டது! குறுக்கே நின்றதே போய்விட்டது என்றால் குரு பார்வை பழையபடி விழுமல்லவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மாமாவின் கடை நிறைய ஆட்கள். சம்பளம் வாங்கிச் சேலை எடுக்க வந்த தோட்டத்துப் பெண்கள். அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு, கடிதத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு கத்தினேன்: "மாமா! கிரகம் தொலஞ்சு போச்சு!"

மாமா கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார். ஜோசியருக்கு ஆள் அனுப்பினார். வீட்டுக் கூடத்தில், அதே பாயில், அதே இடத்தில் உட்கார்ந்தோம். நான் கடிதத்தில் கிரகம் காணாமல் போன இடத்தை மட்டும் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு ஜோசியர் முகத்தைப் பார்த்தேன். அது மலரவில்லை.

"தொலஞ்சு போறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார். "எங்க போச்சு?"

"தெரியல்லீங்க. தேடிப் பாத்தாங்களாம்."

"எங்க இருக்குன்னு தெரியாத கிரகம் எந்த வீட்டுல இருக்கு?"

"அதான் தெரியாதுங்களே."

"எந்த வீட்டுல வேணா இருக்கலாம். ஏழாம் வீட்டுலயே இருந்தா?"

ஏழாம் வீடு கல்யாணத்துக்கு உரிய வீடு. மாமா முகம் கறுத்துவிட்டது. நிலைமையைச் சீராக்க நினைத்து நான் மேலும் ஒன்று சொன்னேன். (என்னை யாராவது அப்போதே கட்டிப் போட்டிருக்கலாம்.) "அந்த நாலரை வருசமும் உறுதி இல்லீங்க. கணக்கு மாறலாமாம்."

"அப்ப ஒம்பதாவும் இருக்கலாம்" என்றார் ஜோசியர்.

மாமா எழுந்துவிட்டார். "தம்பி, நீங்க நல்ல புள்ளதான். ஆனா ஒவ்வொரு தடவ வரும்போதும் ஏதாச்சும் ஒண்ணக் கொண்டாறீங்க. அப்புத்தளைக்காரங்க வர்ற வாரம் வர்றாங்க. நான் அவங்களுக்கு..."

"அப்பா."

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். தெய்வானையின் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கொஞ்சமும் நடுங்காத குரல். "அந்தக் கல்லு எம்புட்டுப் பெருசுன்னு அவருகிட்டக் கேளுங்க."

கல்லு! நான் நாலு மாதமாகச் சொல்லத் தெரியாத வார்த்தையை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். "இருபது மைலு இருந்தாலே சாஸ்திங்க" என்றேன்.

"இங்கேருந்து பண்டாரவளை தூரம் இருக்குமா?" என்றார் மாமா.

"அம்புட்டுதாங்க."

"அப்பா, நம்ம கட வாசல்ல நூறு எறும்பு வரிசையா நின்னுச்சுன்னா நமுனுகுல மல தெரியாமப் போயிருமா? குரு பகவான் அம்புட்டுப் பெரியவரு. அவரு பாக்குறத ஒரு பண்டாரவளைக் கல்லு மறச்சிருமாக்கும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்தவன் நான். பத்திரிகை என்னுடையது, கடிதம் என்னுடையது, கண்ணாடியும் என்னுடையதாக இருந்தது. கல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அதோடு, அவளுக்கு என்னை வேண்டாம் என்றால் சும்மா இருந்திருக்கலாமே? பேசினாளே! அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல காலம், அதில் புதிதாக எதையும் விளக்க மறந்துவிட்டேன்.

ஜோசியர் கெட்டிக்காரர். ஒரு சிட்டிகை பொடியை நிதானமாக இழுத்தார், தும்மினார். தும்மல் முடிவதற்குள் அவருக்கு ஒரு வழி பிறந்துவிட்டது.

"புள்ள சொல்றதும் சரிதான்" என்றார். "ஆனாலும் கிரகம்னு சொல்லிக் கூப்புட்டாச்சு இல்லையா, சும்மா விடக்கூடாது. யாரு அதக் கொண்டாந்து இந்தக் கூடத்துல விட்டாரோ அவரே அதுக்காகச் சுத்தணும். நாலரை மாசம். செவ்வாக்கிழம தோறும் கோயில்ல நவக்கிரகத்துக்கு ஒம்பது சுத்து, அதுக்கு மேல அதுக்குன்னு ஒரு சுத்து. ஆகப் பத்து."

மாமா யோசித்தார். அறைப் பக்கம் பார்த்தார். பிறகு, "ஐப்பசியில வச்சுக்கலாம்" என்றார்.

துரையிடம் செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். "அந்தக் கிரகம் காணாமல் போனதால் உலகத்தில் கஷ்டப்பட்ட ஒரே ஆள் நீதான்" என்று சொல்லிவிட்டு உடனே கையெழுத்துப் போட்டார்.

வாரா வாரம் தோட்டத்திலிருந்து பதுளைக்கு நடந்தேன். மழை, அட்டை, சேறு. கோயிலில் குருக்கள் முதல் நாளே பிடித்துக்கொண்டார். ஒன்பது சுற்று முடிந்து பத்தாவதில் காலை வைத்ததும், "தம்பி, ஒம்பது முடிஞ்சுடுத்து" என்றார். எனக்கு எண்ணத் தெரியும் என்றேன். அடுத்த வாரமும் சொன்னார். மூன்றாவது வாரம், எனக்கு எண்ணத் தெரியாது என்று முடிவுகட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூவை என் கையில் வைத்து அனுப்பினார். ஒன்பது பூவும் தீர்ந்தபின் வெறுங்கையோடு நான் பத்தாவது சுற்றைத் தொடங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. குருக்களுக்குத் தெரிந்தால் பதுளைக்குத் தெரிந்த மாதிரி. ஆடி மாதம் பிறப்பதற்குள் கடைத்தெருவில் என் பெயர் 'நாலரை' ஆகிவிட்டது. நாலரை போகுது பார், நாலரை வருது பார்.

வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் கோயிலுக்குப் போகும் வழி ஜவுளிக் கடை வாசல் வழியாகத்தான். செவ்வாய்க்கிழமைகளில் சரியாக நான் கடக்கும் நேரத்துக்குத் தெய்வானைக்குக் கடைப் பக்கம் ஏதோ ஒரு வேலை இருந்தது. சேலையை மடிப்பாள், மடித்ததைப் பிரிப்பாள். நான் கண்ணாடி போடாமல் போவேன். அவள் உதட்டைக் கடிப்பாள். என் வாழ்நாளில் அந்த நாலரை மாதத்தைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒரு வாரம் கனமழையில் கோயில் பூட்டியிருந்தது. அன்றும் கடை வாசலைத் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பினேன்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. ஏழு பிள்ளைகள். அந்தக் கல் அதன் பிறகு அகப்பட்டதா, அதற்கு யார் பெயரை வைத்தார்கள் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. துரையும் சீமைக்குப் போய்விட்டார், பத்திரிகையும் நின்றுவிட்டது. அதற்கு வைக்க வேண்டிய பெயரை ஊர் எனக்கு வைத்துவிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. ஸ்டேஷனில் இறங்கி என் சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. நாலரை ஐயா வீடு என்றால் மாடுகூட வழிகாட்டும்.

போன வருடம் எங்கள் கடைசி மகளைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷனிலேயே விஷயம் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "எல்லாரும் நாலரை ஐயா, நாலரை ஐயாங்கறாங்களே, அது என்னங்க நாலரை?" என்று கேட்டார்.

என் பிள்ளைகள் ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான். நான் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

"நாலரை ஏக்கருங்க" என்றாள் தெய்வானை, காபித் தட்டை நீட்டியபடியே.

சம்பந்தம் அன்றே முடிவாகிவிட்டது. கல்யாணமும் நடந்து மகள் மாத்தளையில் நன்றாக இருக்கிறாள். சம்பந்தி பொங்கலுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, அந்த நாலரை ஏக்கரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே, எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"அது கொஞ்சம் தூரமுங்க" என்று முந்திக்கொண்டாள் என் மனைவி.